வைட்டமின் டி: குறையும் மிகையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டபோது, யான் வழக்கம்போல் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் கருதியிருத்தல் கூடும். இருபது ஆண்டுகளாக மாணாக்கர்க்குத் தமிழ் கற்பித்து வருபவன் வேறென்ன பேசுவான்? ஆயினும் இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மருந்துப் பொட்டலத்தைப்பற்றியது. யான் வைத்தியனல்லேன். வைத்தியம் கற்ற அன்பர்கள் சிலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். என் சொல்லிற் பிழை காணின் அவர்கள் பொறுத்துத் திருத்துவாராக. வைத்தியனல்லாதவன் மருந்தைப்பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு, எழுபத்தொரு வயதான என் அன்னையார்க்கு இடுப்பிலும் முழங்காலிலும் நோவு மிகுந்தது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இரத்தத்தைச் சோதிப்பித்து, உடம்பில் வைட்டமின் டி என்னும் சத்து மிகவும் குறைந்திருக்கிறது என்று கூறி, 60,000 அலகு கொண்ட பொடிப் பொட்டலத்தை வாரத்திற்கு ஒன்றாக எட்டு வாரம் பாலிற் கலந்து அருந்துமாறு எழுதிக் கொடுத்தார். அவற்றோடு நாள்தோறும் உண்ணவேண்டிய மாத்திரைகள் இரண்டும் எழுதினார். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. ‘வாரத்திற்கு ஒன்று’ என்னும் குறிப்பு, வரியின் கடைசியில், சீட்டின் மடிப்பின்மேல் கிடந்தது. அப்போது தேர்வுத்தாள் திருத்தும் காலம். யான் அச்சீட்டை ஒரு கண்ணோட்டமாகப் பார்த்துவிட்டு, ஏனைய மாத்திரைகளோடு அப்பொட்டலத்தையும் நாளுக்கு ஒன்றென வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன்.

எட்டுப் பொட்டலமும் எட்டே நாளில் தீர்ந்தன. அப்போதாவது எனக்கு ஐயம் தோன்றியிருத்தல் வேண்டும்; தோன்றவில்லை. கடைக்குச் சென்று மேலும் வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்டாரல்லர். யானும் ஒன்றும் கேட்டேனல்லேன். இவ்வாறு நாற்பது நாள் கழிந்தன. அன்னையார்க்கு உணவில் வெறுப்பு உண்டாயிற்று, வாந்தி உண்டாயிற்று, மலம் கட்டியது, தீராத தாகமும், இரவெல்லாம் எழுந்து சிறுநீர் கழித்தலும் உண்டாயின. பின்னர்ப் பேச்சுத் தடுமாறியது. வீட்டிலுள்ளார் பெயரையே மாற்றி அழைக்கலானார். மூப்பின் இயல்பு என்று நாங்கள் கருதியிருந்தோம். வேறோர் ஊரில் இருந்த வைத்தியர் ஒருவர், “அம்மையார் உட்கொள்ளும் மருந்தெல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு வாருங்கள்” என்றார். பையைக் கவிழ்த்தவுடன் காரணம் புலப்பட்டது. எட்டு வாரத்திற்குரிய 4,80,000 அலகு போதுமாயிருந்த இடத்தில், என் கையால் 24,00,000 அலகு கொடுத்திருந்தேன்.

அன்னையார் பிழைத்தார். ஊசிவழியாக உப்புநீர் ஏற்றிப் பல நாள் மருத்துவமனையில் வைத்திருந்தனர். தெளிவு மீண்டது, ஆனால் சிறுநீரகம் முன்னிருந்த நிலைக்கு முற்றும் மீளவில்லை. “நீ கொடுத்தாய், நான் குடித்தேன், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது அப்பா?” என்றுதான் அவர் என்னிடம் கூறினார். அச்சொல்லினும் கடியதொரு தண்டனையை யான் இதுவரை பெற்றதில்லை. சொல்லுக்குப் பொருள் காண்பதையே தொழிலாகவுடைய யான், மூன்று சொற்களைக் கருத்தோடு படிக்கத் தவறினேன். அவர் இன்று இவ்வவையில் மாதர் பகுதியின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவரது இசைவு பெற்றே இதனைக் கூறினேன். அதன்பின்னர் யான் கற்றுக்கொண்டவற்றை உங்கள் முன் வைப்பது என் கடன்.

வைட்டமின் டி என்பது யாது? நாம் உண்ணும் உணவிலுள்ள சுண்ணச் சத்தாகிய கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளுதற்குத் துணைசெய்யும் பொருள் அது. அஃதின்றேல் எத்துணைப் பாலும் கீரையும் உண்டாலும் எலும்பிற்குப் போதிய பயன் சேராது. மற்றைச் சத்துக்களைப் பெரும்பாலும் உணவினின்று பெறுகின்றோம். இதனையோ நம் தோலே வெயிலின் உதவியால் ஆக்கிக்கொள்ளுகின்றது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதி தோலிற் படும்போது, அங்குள்ள கொழுப்பினத்துப் பொருளொன்று இச்சத்தாக மாறுகின்றது. அது கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாறுதலுற்ற பின்னரே முழுத்தொழிலும் செய்யவல்லதாகும்.

இது குறைந்தால் குழந்தைகட்கு எலும்பு இளகிக் கால் வளையும். ரிக்கெட்ஸ் என்னும் அந்நோய், புகைமண்டிய ஐரோப்பிய நகரங்களில் ஒருகாலத்து மிகுதியாயிருந்தது. 1919ஆம் ஆண்டில் மெல்லன்பி என்னும் ஆங்கில அறிஞர், உணவிற் குறைவைத்து நாய்க்குட்டிகட்கு அந்நோய் வருமாறு செய்து, மீனெண்ணெயால் அது தடுக்கப்படுவதைக் காட்டினார். அதே ஆண்டில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் ஜெர்மானிய வைத்தியர், செயற்கைப் புறஊதா விளக்கொளியாலேயே அந்நோயைத் தீர்த்தார். எண்ணெயும் ஒளியும் எவ்வாறு ஒரே பயனைத் தந்தன என்னும் வியப்பை ஆராய்ந்தே அறிஞர் இச்சத்தைக் கண்டனர். 1922ஆம் ஆண்டில் மக்காலம் என்பார் இதற்கு ‘டி’ என்னும் பெயரிட்டார். இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்த விண்டௌஸ் என்பார் 1928ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

வளர்ந்தவர்க்கு இச்சத்துக் குறையுமாயின் எலும்பில் நோவும், தசைத் தளர்ச்சியும், படியேறவும் எழுந்திருக்கவும் இயலாமையும் தோன்றும். வெயிற்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இக்குறை ஏன் வந்தது என்று வினவலாம். நம் முன்னோர் களத்திலும் வயலிலும் நின்றனர்; நாமோ கடைக்குள்ளும் அலுவலகத்துள்ளும் இருக்கின்றோம். கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது; வேண்டிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். கருநிறத் தோலிற்கு வெள்ளைத் தோலினும் மிக்க நேரம் வெயில் வேண்டும். முதுமையில் தோலின் ஆக்கும் ஆற்றலும் குறையும். அன்றியும், காலை இளவெயிலே சிறந்ததென்று நம்மவர் நம்பி வருகின்றனர். உடலுக்கு அது இனிதே. ஆயின் இச்சத்தை ஆக்கும் கதிர்கள் காலையிலும் மாலையிலும் மிகக் குறைவாகவே தரையை அடைகின்றன. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகியிருக்கும் வேளையே இதற்கு ஏற்றது. தோல் எரியுமளவும் நிற்கவேண்டுவதில்லை, அது தீங்கு. எத்தனை நிமிடம் என்று எல்லார்க்கும் ஒரே கணக்குக் கூறுதலும் இயலாது.

ஈண்டு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வெயிலால் இச்சத்து அளவிற்கு மீறி உண்டாவதில்லை. மிகையானதைத் தோலே அழித்துவிடும். வாய்வழி உண்ணும் மருந்திற்கு அத்தகைய காவல் இல்லை. வைட்டமின் சி போன்றவை நீரிற் கரைவன. மிகுந்தது பெரும்பாலும் சிறுநீரோடு கழியும். இதுவோ கொழுப்பிற் கரைவது. உடம்பின் கொழுப்பிலே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மிகின் இரத்தத்தில் கால்சியம் பெருகி, என் அன்னையார்க்கு நேர்ந்தவை யாவும் நேரும். சிறுநீரகக் கல்லும் தோன்றலாம். நிறுத்திய பின்னரும் அதன் தாக்கம் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கும். அளவு மிகுதலும் அளவு குறைதலும் ஒப்பவே பிணிக்கு ஏதுவாம் என்னும் உண்மையைத் திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். அதனைப் பல்லாண்டு பாடஞ்சொன்ன யானே மறந்தேன்.

தனி மனிதரன்றி அரசாங்கங்களும் இதில் இடறியதுண்டு. இரண்டாம் உலகப் போரையொட்டி இங்கிலாந்தில் குழந்தைகட்குரிய பால்மாவிலும் பிற உணவுகளிலும் இச்சத்தைத் தாராளமாகச் சேர்த்தனர். ரிக்கெட்ஸ் குறைந்தது, ஆனால் 1950க்குப் பின் சில ஆண்டுகளில், இரத்தத்தில் கால்சியம் மிகுந்து நலிந்த குழந்தைகள் பலர் காணப்பட்டனர். மிகையே காரணமென்று ஐயுற்று, 1957ஆம் ஆண்டில் சேர்க்கும் அளவைக் குறைத்தனர். நல்லெண்ணம் மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, குறை உண்டென்று அறிவது எங்ஙனம், மருந்தைத் தேர்வது எங்ஙனம் என்பவற்றை முறையாகக் கூறுகின்றேன்.

முதலாவது, அலகை அறிக. உறையின்மேல் ஐ.யூ. என்று காண்பது அனைத்துநாட்டு அலகு. சில உறைகளில் மைக்ரோகிராம் என்றிருக்கும். ஒரு மைக்ரோகிராம் 40 அலகிற்குச் சமம். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 600 அலகு. எழுபது வயதைக் கடந்தார்க்கு 800 அலகு. வைத்தியர் கண்காணிப்பின்றி நாள்தோறும் 4,000 அலகிற்கு மேல் உண்ணலாகாது என்பது 2011ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் குழு வகுத்த எல்லை. இவ்வெண்களை மனத்திற்கொண்டு நோக்கின், 60,000 அலகுப் பொட்டலம் ஒன்று நூறு நாள் வேண்டுகையை ஒரே மடக்கில் தருவது என்பது விளங்கும். அது குறையை விரைந்து நிரப்புதற்குரிய மருந்து. நாள்தோறும் உண்ணும் சத்துப்பொருள் அன்று. உறைகள் சிலவற்றில் 60கே என்று சுருக்கி அச்சிட்டிருப்பர். ‘கே’ என்பது ஆயிரம்.

இரண்டாவது, சோதித்தறிந்து உண்க. 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்னும் இரத்தச் சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமிற்குக் கீழ் இருப்பது குறைபாடு என்பது பெருவழக்கு. 30 வேண்டும் என்று கொள்ளும் வைத்தியரும் உளர். நோயேதுமில்லாதார் எல்லாரும் இச்சோதனையைச் செய்துகொள்ளவேண்டுமென்பதில்லை. அயலார் உண்கின்றார் என்பதற்காகப் பெரிய அளவை வாங்கி உண்ணுதலும் தகாது. குறை கண்டு மருந்து உண்டவர், ஏறத்தாழ மூன்று திங்களின் பின் மீண்டும் சோதிப்பித்து, நாள்தோறும் உண்ணும் சிற்றளவிற்கு மாறுதலோ நிறுத்துதலோ வைத்தியர் சொற்படி செய்க.

மூன்றாவது, மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க. கோலிகால்சிஃபெரால் என்பது டி3. எர்கோகால்சிஃபெரால் என்பது டி2. இரண்டும் பயன்படும், டி3 இரத்தத்தில் அளவை மிகுதியாக உயர்த்தி நெடிது நிற்கும். கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால் என்பவை வேறு. அவை சிறுநீரக நோயாளர் முதலியோர்க்கு வைத்தியர் கொடுக்கும் வீரியமிக்க வகைகள். பெயர் ஒலியால் ஒத்திருக்கின்றதென்று ஒன்றிற்கு மற்றொன்றைக் கொள்ளற்க. சைவ உணவுடையார் அறியவேண்டுவது ஒன்றுண்டு. டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் மெழுகினின்று எடுக்கப்படுவது. பாறைமேற் படரும் லைக்கன் என்னும் பாசியினத்தினின்று எடுக்கப்படுவதும் கிடைக்கிறது. டி2 பூஞ்சையினத்தினின்று வருவது. மென்மையான கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோல் இவற்றினின்று எடுத்த ஜெலட்டினால் ஆவது. ஆதலின் உறையைப் படித்தோ கேட்டோ தெரிந்து கொள்க.

நான்காவது, எங்கே ஆக்கப்பட்டது, எவர் உரிமம் பெற்றது என்று நோக்குக. மருந்தாக விற்கப்படுவதில் ஆக்கியோர் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருத்தல் வேண்டும். உணவுச் சத்தாக விற்கப்படுவதில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கும். மருத்துவப் பயனுக்குரியதன்று என்னும் எச்சரிக்கையும் இருக்கும். அச்சிட்ட அளவே உள்ளே இருக்கும் என்றும் துணிதற்கில்லை. அமெரிக்காவில் கடைகளில் வாங்கிய மாத்திரைகளைச் சோதித்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், குறித்த அளவில் நூற்றுக்கு 9 பங்கே உடையனவும், 146 பங்கு உடையனவும் காணப்பட்டன. ஆதலின் முகமறியாத விற்பனையாளரிடம் மலிவென்று வாங்குதலினும், பில் தரும் மருந்துக் கடையில் வாங்குதல் நன்று.

ஐந்தாவது, கூட்டிப் பார்க்க. கால்சியம் மாத்திரையில் வைட்டமின் டி கலந்திருக்கும்; பல்சத்து மாத்திரையிலும் இருக்கும்; பால்மாவிலும் இருக்கும். வெவ்வேறு வைத்தியர் எழுதியன ஒன்றையறியாமல் ஒன்று சேரும். மருந்தெல்லாவற்றையும் ஒரு பையிலிட்டு வைத்தியர்முன் கவிழ்க்கும் அவ்வழக்கத்தை நம் வீடுதோறும் கைக்கொள்ள வேண்டும். என் அன்னையார் உயிரைக் காத்தது அப்பையே.

ஆறாவது, எவர்க்கு ஆகாது என்று அறிக. சிறுநீரக நோய், சிறுநீரகக் கல், காசம், சார்காய்டோசிஸ், பாராதைராய்டுச் சுரப்பிக் கோளாறு உடையார் தாமாக இதனை உண்ணலாகாது. இரத்த அழுத்தத்திற்காகத் தயசைடு வகை மருந்தும், இதயத்திற்காக டிஜாக்சினும் உண்பார் வைத்தியரிடம் அதனைக் கூறவேண்டும். வலிப்பு மருந்துகள் சிலவும், காச மருந்தாகிய ரிஃபாம்பிசினும் இச்சத்தைக் குறைப்பன. அவர்க்கு அளவு வேறுபடலாம்.

ஏழாவது, குழந்தைகள் செய்தி. தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு சொட்டுமருந்து கொடுப்பது இக்கால வைத்தியர் வழக்கு. அம்மருந்து ஒரே அடர்த்தியுடையதன்று: ஒரு வகையில் ஒரு மில்லிலிட்டரில் 400 இருக்கும்; வேறொன்றில் ஒரு சொட்டிலேயே 400 இருக்கும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துத் துறையினர், துளிக்கருவி வேண்டிய அளவினும் மிகுதியாகக் கொள்வதால் குழந்தைகட்கு ஆபத்து நேரலாமென்று எச்சரித்தனர். ஆதலின் ஒரு குப்பியின் துளிக்கருவியை மற்றொரு குப்பிக்குப் பயன்படுத்தற்க. எத்தனை மில்லிலிட்டர் என்று வைத்தியரைக் கேட்டுக் கோடிட்டு வைத்துக்கொள்க.

எட்டாவது, மிக்க நம்பிக்கை வையற்க. இம்மருந்து எலும்பின் குறையைத் தீர்க்கும். எல்லா நோயையும் தீர்க்கும் என்பது விளம்பரம். அமெரிக்காவில் 25,000க்கு மேற்பட்டாரை வைத்து நாளொன்றுக்கு 2,000 அலகு கொடுத்துச் சோதித்ததில், குறைபாட்டிற்கெனத் தெரிந்தெடுக்கப்படாத பொதுமக்கட்குப் புற்றுநோயோ இதய நோயோ வருதல் குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் எழுபது கடந்த மாதர்க்கு ஆண்டிற்கு ஒருமுறை 5,00,000 அலகு கொடுத்தபோது, அவர்கள் விழுதலும் எலும்பு முறிதலும் மிகுந்தன என்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இயற்கைப் பொருளாதலின் தீங்கில்லை என்பாரும் உளர். எட்டிக்காயும் இயற்கைப் பொருளே.

இவ்வளவும் கேட்டு அஞ்சி, வைத்தியர் எழுதிய மருந்தை எவரும் நிறுத்திவிடற்க. குறைபாடு மெய்யானதே, முறைப்படி உண்டால் இது பயனுடைய மருந்தே. கொழுப்புள்ள உணவோடு உண்டால் நன்கு சேரும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீனும், முட்டையின் மஞ்சட்கருவும் உண்பார் உண்க. அல்லாதார், இச்சத்துச் சேர்க்கப்பட்ட பாலையும் எண்ணெயையும் உறையிலுள்ள ‘+எஃப்’ குறி கண்டு வாங்குக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் மரபினரில் கல்லூரி கண்ட இளைஞர் பலர் உளர்; ஆங்கிலம் அறியாத மூத்தோரும் பலர் உளர். வீட்டில் படித்தவர் ஒருவர், மருந்துச் சீட்டைப் பெற்றவுடன், எந்த மருந்து, எந்தக் கிழமை, எத்தனை நாள் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தால் எழுதிச் சுவரில் ஒட்டுக. வார மருந்தை நாள் மருந்தோடு வைக்காது, வேறோர் உறையிலிட்டு, ‘ஞாயிறு மட்டும்’ என்று அதன்மேல் எழுதுக. மருந்து கணக்கிற்கு முன்னே தீர்ந்ததாயின் கடைக்கு ஓடாது வைத்தியரைக் கேட்க. நமது சங்கம் விரும்பினால், அத்தகைய அட்டையொன்றை அச்சிட்டு வீடுதோறும் வழங்கலாம். எழுதித் தரும் பணியை யான் ஏற்றுக்கொள்ளுகிறேன். நம்மை நம்பிக் கைநீட்டும் முதியோர்க்கு நாம் கொடுப்பது இன்னதென்று அறிந்து கொடுப்போமாக.